ஒரே நோய், இரண்டு கட்டிகள்

பூனாகலைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டும் செல்வம் அண்ணன். இருவருக்கும் நோய் ஒரே கட்டத்தில் இருந்தது; கட்டியை வெட்டி எடுத்துவிட்டு ஒரே மருந்துதான் கொடுத்தார்கள். நான் தேறினேன். அவருக்கு நோய் ஈரலில் திரும்பி வந்தது.

“அவருக்கு மட்டும் ஏங்க டொக்டர்?” என்று கேட்டேன்.

“கட்டிக்குள்ள எந்த மரபணு கூட வேலை செய்யுது, எது குறைய எண்டது ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதைப் பாத்து, ஆருக்கு நோய் திரும்பி வருமெண்டு முன்கூட்டியே சொல்ல ஏலுமோ எண்டு ஆராய்ச்சி நடக்குது. வெட்டி எடுத்து இங்க வச்சிருக்கிற உங்கட கட்டியில ஒரு துண்டை அதுக்குக் குடுக்கச் சம்மதமோ?”

சம்மதித்துவிட்டு அண்ணனை அவர் வீட்டில் பார்க்கப் போனேன். பிழைத்தவன் நான் என்பதால் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் டொக்டர் சொன்னதைச் சொன்னேன்; அவர் முழுவதும் கேட்டார்.

“என்னோடதையும் எடுக்கச் சொல்லுங்க தம்பி. பொழச்சவன் கட்டிய மட்டும் பார்த்தா அவுங்களுக்கு என்ன வெளங்கும்?”

“ஒங்களுக்கு இதால ஒண்ணும் ஆகாதே, அண்ணே.”

“தெரியும். இனி வர்றவங்களுக்கு ஆகட்டும்.”

மறுநாளே மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறி, தன் சம்மதத்தைத் தானே டொக்டரிடம் சொன்னார். கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

எனக்கு ஏன் நோய் திரும்பவில்லை என்பது இன்றும் தெரியாது. அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. காரணம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடுகிறவர்களுக்கு அண்ணன் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.