முப்பதாவது பின்னூட்டம்

“தேவையற்றது” என்று குறித்தாள். பின்னூட்டம் மறைந்தது. அடுத்தது, ‘ரொம்ப நன்றி, வேலை செய்தது.’ அதுவும் போயிற்று.

மருத்துவமனை ஒன்றின் ஆவண அறையில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் அவள். கேள்வி-பதில் தளம் ஒன்றில் பதினோரு வருடமாக எழுதுகிறாள். கோப்புகளை நகலெடுக்கும் ஒரு கட்டளையைப் பற்றி அவள் எழுதிய முதல் பதிலுக்கு, இதுவே சரியான விடை என்னும் பச்சைக் குறியும் நான்காயிரம் ஓட்டும் உண்டு. கணவன் அதைச் சம்பளமில்லாத உத்தியோகம் என்பான். “ஊரான் வீட்டுக் குப்பையக் கூட்டற. நம்ம மேசையத் துடைக்க ஆளில்ல.”

அந்தத் தளத்தில் பின்னூட்டம் விருந்தாளி மாதிரி, தங்கிவிடக் கூடாது. உருப்படியான விஷயத்தைப் பதிலுக்குள் சேர்த்துவிட்டுப் பின்னூட்டத்தை எடுத்துவிட வேண்டும். சேர்ப்பது முதலில், எடுப்பது பிறகு. புதியவர்கள் இதை மாற்றிச் செய்தால் அவளே காய்ச்சி எடுப்பாள்.

அன்று அவளுடைய அந்தப் பதிலின் கீழேயே முப்பத்தெட்டு சேர்ந்திருந்தன. முதலில் கூட்டித் தள்ளிவிடலாம், எழுத வேண்டியதைக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதலாம் என்று நினைத்தாள். முப்பதாவதில் யாரோ எழுதியிருந்தார்: ‘புதிய பதிப்பில் இந்தக் கட்டளையைப் போடாதீர்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தால் மறுபக்கத்தையும் காலியாக்கிவிடுகிறது.’ நியாயமான பேச்சு. மனதில் முடிந்துகொண்டு, அதையும் தேவையற்றது என்று குறித்தாள். கடைசிப் பின்னூட்டம் போன கையோடு மேலாளர் கூப்பிட்டார். அச்சு இயந்திரம் நின்றுவிட்டதாம். போட்ட முடிச்சு எங்கேயோ அவிழ்ந்து விழுந்தது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். ஸ்டுடியோ வைத்திருப்பவன். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, கல்யாணப் படம் மொத்தமும் போச்சு. புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அது காலி. இப்பப் பழசும் காலி.”

“மெமரி கார்டு?”

“அழிச்சு அடுத்த வேலைக்குக் கொண்டுபோயிட்டேன். மீட்டுத் தர்ற எடத்துலயும் கைய விரிச்சுட்டாங்க.”

“எதப் பாத்துப் பண்ணின?”

“உன் பதிலத்தான். வேற யார நம்புவேன்?” போனை நீட்டினான். “கீழ இருக்கறதயும் படிடான்னு நீதான சொல்லுவ? பாத்தேன். ஒண்ணுமே இல்ல. ஒருத்தனுக்குக்கூடவா இப்படி ஆகல?”

திரையில் பதிலுக்குக் கீழே கழுவி விட்டதுபோல் இருந்தது. அழித்தது தான்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. கணவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“எந்தப் பதிப்புன்னு பாக்க வேணாமா? எப்பவோ எழுதினதுடா அது” என்றாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “ஆமாக்கா. தேதியப் பாக்கல. என் புத்தியத்தான் சொல்லணும். இனி நம்ம ஸ்டுடியோவ எவன் கூப்பிடுவான்?”

“நேர்ல போய் உண்மையச் சொல்லிடு மச்சான், அதுதான் மரியாதை” என்றான் கணவன்.

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை பதிலைத் திறந்து இரண்டு வரி எச்சரிக்கை சேர்த்தாள். மாற்றத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில் ‘புதிய பதிப்புக்கேற்பத் திருத்தம்’ என்று போட்டாள். பத்து மணிக்கு வேலைக்குப் போனாள். இரண்டு கணினிகளுக்கு விசைப்பலகை மாற்றினாள். மதியத்துக்குள் பதிலுக்கு மூன்று ஓட்டு விழுந்திருந்தது. இரண்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். கல்யாண வீட்டில் தன் கவனக்குறைவுதான் என்று சொல்லிவிட்டானாம். கல்யாணப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். அவளுடைய அண்ணன் வாசல்வரை வந்து கதவைச் சாத்தினானாம். “சரி, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். ஆறு மணிக்குப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தாள்.