மூச்சைப் பிடிக்க முடியாமல் முருகனைப் பிடித்தேன்

போன ஆடியில் வந்த காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. மூச்சு வாங்குவது மட்டும் விடவில்லை. மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் சாமைக் கொல்லைக்கு ஏறும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். வீட்டில் சொல்லவில்லை. கால் வீங்கியபோதுதான் என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"இன்னா செல்வி, காலு இப்டி ஊதிக்கினு கீது? எத்தினி நாளா?"

அழுகைதான் வந்தது.

அன்றைக்கே ஜீப் பிடித்து மலை இறங்கினோம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். படம் தெளிவாக இல்லை, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"இதயத்துல எந்த அறை எவ்ளோ பலமா அடிக்குதுன்னு தெரியணும்மா. அப்பதான் மாத்திரை போதுமா, நெஞ்சுல கருவி வெக்கணுமான்னு சொல்ல முடியும்."

தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே நின்றார். குழாய் போன்ற மெஷினுக்குள் படுத்தேன். "மூச்சை இழுத்துப் புடிங்க" என்று குரல் வரும். எட்டு எண்ணுவதற்குள் இருமிவிடுவேன். மறுபடியும் அதே குரல், அதே இருமல். முக்கால் மணி நேரம் கழித்து எழுப்பிவிட்டார்கள். படமெல்லாம் கலங்கிவிட்டதாம். இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மகளுக்கு எட்டு வயதுதான். குணமாக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. "முருகா, உள்ளே இருப்பதை டாக்டர் கண்ணுக்குக் காட்டு. என் மூச்சு போதாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாம் நாள் படம் எடுக்க வேறொரு பெண் வந்தாள். கண்ணமங்கலத்துக்காரி.

"இன்னிக்கி மூச்சு புடிக்க வேணாங்கா. வேகமா எடுக்குற முறையில எடுக்கப் போறோம். ரெண்டு துடிப்புக்குள்ள ஒரு படம் வந்துடும். நீங்க பாட்டுக்கு மூச்சு விட்டுகினே இருங்க."

மெஷினுக்குள் படுத்து சரவணபவ, சரவணபவ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று மெஷின் சத்தம் நின்றது. இந்த முறையும் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

"முடிஞ்சிதுக்கா. நல்லா வந்துக்குது."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் டாக்டர் என் இதயம் துடிப்பதைத் திரையில் காட்டினார். இடது கீழறை பலவீனமாக அடித்தது. ஆனால் இதயத் தசையில் பெரிய தழும்பு இல்லை, மாத்திரையிலேயே தேறலாம் என்றார். தை மாதம் மறுபடியும் எடுத்தார்கள். பலம் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார்.

அடியார்களே, முன்பெல்லாம் கிருத்திகைக்கு மட்டும்தான் முருகன் நினைப்பு வரும். இப்போது விளக்கேற்றி, அவன் பேரைச் சொல்லித்தான் தினமும் மாத்திரை போடுகிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. பயத்தோடேதான் கும்பிடுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் பெரிய வார்த்தை தேடாதீர்கள். முடியவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். அதையே வீட்டிலும் சொல்லுங்கள். நான் ஒன்றரை மாதம் சொல்லாமல் இருந்தேன்.