ஐஸ் பெட்டியில் இருந்த செவ்வாய்

திருவனந்தபுரத்தில் குடிநீரைச் சோதிக்கும் அரசாங்க லாபரட்டரியில் அப்போது நானும் இன்னொருவரும் உதவியாளர்கள். இருவருக்கும் வீடு கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில், ஒரே தெரு. யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, பூமியின் கிருமிகளைச் செவ்வாய்க் கிரகத்தில் விட்டால் பிழைக்குமா என்று எங்களுக்குள் வாதம் வந்தது.

“பிழைக்கும் ஓய். கொதிக்க வச்சாலும் சாகாத ஜாதியாக்கும் அது,” என்றார் அவர்.

நான் முறைப்படி ஏற்பாடு செய்தேன். வைக்கோல் ஊறிய நீரில் வளர்ந்த கிருமிகளை உலர்ந்த மணலில் கலந்து மூன்று கண்ணாடிக் குழாய்களில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, வாயைச் சுடரில் உருக்கி மூடினேன். பகலில் வெயில், மாலையில் ஐஸ் பெட்டி. செவ்வாயை அதற்கு மேல் நெருங்க எங்கள் ஆபீஸில் வசதியில்லை. குழாய்களின் மேல் காகிதம் ஒட்டி இருவரும் கையெழுத்திட்டோம். ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தே உடைப்பதாகப் பேச்சு.

பதினோராம் மாதம் தங்கை கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனேன். பெட்டிச் சாவியை அவரிடம்தான் கொடுத்தேன். வேறு யாரையும் நம்பவில்லை.

திரும்பிய அன்று மாலை நகர மண்டபத்தில் இதைப் பற்றி அவருடைய சொற்பொழிவு. “மூன்று குழாய்களையும் நானே திறந்தேன். மூன்றிலும் உயிர்!” என்றார். பலத்த கைதட்டல். என் பெயர் வரும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். சோடா கொண்டுவந்தவருக்குக்கூட நன்றி சொன்னார்கள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால் மூன்று குழாய்களும் முழுசாக இருந்தன. காகிதம்கூடக் கிழியவில்லை. திருடியதையாவது ஒழுங்காகத் திருடியிருக்கலாம்.

குழாய்களை எடுத்துப்போய் அவர் முன் வைத்தேன். “எப்படியும் வளரத்தானே போறது ஓய்! கொஞ்சம் முன்னாடியே பறஞ்சேன். அதுக்கா இந்த மூஞ்சி?”

வருஷம் முடிந்த அன்று அவர் வரவில்லை. நானே குழாய்களை உடைத்து, மணலை எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்லமுடியாத இறைச்சிச் சாற்றில் தனித்தனியே இட்டேன். இரண்டு தெளிவாகவே கிடந்தன. ஒன்று மட்டும் மூன்றாம் நாள் கலங்கியது. உயிர் இருந்தது, உண்மைதான். ஆனால் தண்ணீரில்லாத மணலில் அது பெருகியிருக்க வழியில்லை. உறங்கிக் கிடந்து, நம் சாறு கிடைத்த பிறகே விழித்தது. தாக்குப்பிடிப்பது வேறு, அங்கே பழகிக் குடியேறுவது வேறு.

இதை எழுதி, விதிப்படி மேலதிகாரி வழியாக அனுப்பினேன். சொற்பொழிவுக்குப் பின் மேலதிகாரி அவர்தான். சிவப்பு மையில் குறிப்போடு திரும்பியது: ‘இப்பொருள் முன்பே அறிவிக்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்.’

கோப்பில் வைப்பது என் வேலை. எண்ணிட்டு, நூல் கட்டி வைத்தேன். ஓய்வுபெற்ற அன்று எடுத்துப் பார்த்தேன். என் முடிச்சு அப்படியே இருந்தது.