ஈசல் செய்தவன் பெயர்

புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால், நான் செய்த இரும்பு கண்ணில் படாமல் போகாது. கறிக்கடை ஷட்டர் நான் போட்டது. லாரி எடைமேடைக்கு மேலே கூரை நான் போட்டது. பொன்னேரிப் பக்கம் அரிசி ஆலையில் நெல் கொட்டுகிற பெரிய புனல், ஏரி மதகின் கதவு, சர்ச் மணிக்கூண்டின் ஏணி, அம்மன் கோயில் கம்பிக்கதவு, எல்லாம் இந்தக் கை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. காக்களூரில் ஒரு பட்டறையில் தரை பெருக்க நுழைந்தேன். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வீங்கி, உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் அதே வெளிச்சத்தைப் பார்க்கப் போனேன். கடன் கொடுக்க ஆளில்லை, ஜாமீன் நிற்க ஆளில்லை. இன்று புதுவாயலில் பட்டறை என்றால் என் பட்டறைதான்.

இவ்வளவிலும் எங்கேயும் என் பெயர் இல்லை. கேட்டில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். அது நியாயம். கூலி வாங்கிவிட்டேன், பேச்சு முடிந்தது. கூலி வாங்காமல் செய்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒரு கதவுக்குக் கொண்டி வைக்கப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த ஓவிய ஆசிரியை என்னைத் தேடி வந்தார். பகுதி நேர வேலை, பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

“அண்ணே, புள்ளைங்க படம் வரைய ஈசல் வேணும். உங்களால முடியுமா?”

“ஈசலா? ஐப்பசி மழை வரட்டும் டீச்சர். லைட்டுக்குக் கீழ முறத்த வெச்சா கொட்டோ கொட்டுன்னு கொட்டும். அரிசி போட்டு வறுத்துத் துன்னலாம். அதுக்கு இன்னாத்துக்கு வெல்டரு?”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு செல்போனில் படம் காட்டினார். மரத்தில் மூன்று கால், நடுவில் ஒரு பலகை. படம் வரைகிற தாளை நிமிர்த்தி வைக்கிற தாங்கி. இங்கிலீஷில் அதற்கு அந்தப் பெயராம்.

“இதுவா? ஏணிக்கும் கேமரா ஸ்டாண்டுக்கும் பொறந்த புள்ள மாரி கீது” என்றேன்.

பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து வரைகிறார்கள், மூக்குக்குக் கீழே இருக்கிற படம் முழுசாகத் தெரியாது, நின்று வரைந்து பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். இதை எனக்கு விளக்கவே வேண்டாம். கேட்டைக் கிட்டே நின்று பார்த்தால் வெல்டிங் தெரியும், கோணல் தெரியாது. தள்ளிப் போனால்தான் கோணல் தெரியும்.

போனில் இருந்தது வளர்ந்த ஆளுக்கான உயரம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இடுப்பளவு, ஒருத்தன் தோளளவு. அதனால் பலகை ஏறி இறங்குகிற மாதிரி செய்தேன். ஏற்றி இறக்க ஸ்பானர் வேண்டாம், கையாலேயே திருகலாம். இரண்டு பக்கமும் இறக்கை வைத்த நட்டு போட்டேன். மூன்றாவது கால் மடங்கும். பிள்ளைகள் கை கிழியக் கூடாது என்று ஒவ்வொரு முனையையும் தேய்த்து, மூடி போட்டேன். பள்ளியில் உடைந்த பெஞ்சு குவித்து வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து, ஓட்டையான கூரையை மாற்றி, ஈரப் படம் காய அடுக்குத் தட்டு அடித்து, அதை ஓவிய அறையாக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில், நானே.

நான் அடித்த கிண்டலை ஆசிரியை வகுப்பில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இறக்கை நட்டைப் பார்த்ததும், “டீச்சர், நெஜமாவே ஈசல்தான்!” என்று கத்தினார்களாம். அன்று முதல் அந்தப் பள்ளியில் அது ஈசல்தான். தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை ஒரு சிறுமி வரைந்தாள். ஜன்னலில் அவள் அம்மா, தலையில் கம்பெனித் தொப்பி, வாய் திறந்து தூங்குகிறாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். கோணல் இல்லை.

அப்புறம் கம்பெனி வந்தது. தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி. பள்ளிக்கு உதவுகிறோம் என்றார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், வண்ணப் பெட்டிகள் கொடுத்தார்கள், என் ஈசல்களுக்குத் தங்கள் கம்பெனி நீலத்தை அடித்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அறைக்கு ‘கலை வள மையம்’ என்று பெயர். வாசலில் பளபளவென்று ஒரு கருங்கல்.

தலைமை ஆசிரியை எனக்குப் போன் செய்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “ஐயா, கல்வெட்டுக்குத் தெரை மாட்டணும். ஒரு கம்பி செஞ்சி தர்றீங்களா?”

ஓடினேன். பித்தளை முலாம் பூசிய குழாய், இரண்டு முனையிலும் மொக்கு. என் பெயரை மூடப் போகிற திரை அல்லவா என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். திறப்பு விழாவுக்குப் புது வேட்டி கட்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பெனி அதிகாரி கயிற்றை இழுத்தார். என் கம்பியில் திரை தடங்கல் இல்லாமல் ஓடியது. கல்லில் கம்பெனி பெயர், அதிகாரி பெயர், வந்த விருந்தாளிகள் பெயர். கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் இல்லை.

உள்ளே போன அதிகாரி, பஸ் வரைந்த அதே சிறுமியிடம் கேட்டார். “இது பேர் என்ன பாப்பா?”

“ஈசல் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். “ஈஸல்மா. ஈ... ஸல்.”

“இல்ல சார், ஈசல்தான். ரெக்க கீது பாருங்க” என்று நட்டைத் திருகிக் காட்டினாள்.

“வெரி குட்! பிள்ளைகளை மனசில் வைத்து எங்கள் டீம் செய்தது” என்று சொல்லிவிட்டுப் போட்டோவுக்கு நின்றார். நான் கதவோரம் நின்றேன். போட்டோக்காரன் என்னை நகரச் சொன்னான்.

திரும்பும்போது மனைவி சொன்னாள்: “எது எப்டியோ, கம்பி சோக்கா இருந்துச்சுய்யா.”

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். “உபயம்னா பொருள் குடுத்தவங்க பேருதாங்கய்யா போடுவோம். நீங்க வேலை செஞ்சீங்க. கூலி எவ்ளோன்னு சொல்லுங்க, கம்பெனில கேட்டு வாங்கித் தரேன்.”

“கூலிக்கு வந்தவனா நானு? இரும்பும் என்னுதுதான். கூலி கேட்டு என்னிக்கினா இங்க வந்து நின்னனா?”

“கோச்சிக்காதீங்கய்யா. கல்லுல இனிமே எடமில்ல.”

காப்பியைக் குடிக்காமல் எழுந்தேன்.

ஓவிய ஆசிரியையிடம் முறையிட்டேன். “என் பேரும்தான் அங்க இல்லண்ணே” என்றார் மெதுவாக. “அடுத்த வருஷம் நான் இங்க இருப்பனான்னே தெரில. நான் எப்டி கேக்கறது?”

“உனக்கு வேல போய்டும்னு பயம்மா. எனக்கு இன்னா போவும்? நான் கேப்பேன், உன் பேருக்கும் சேத்து.”

இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. நீலப் பெயின்ட் கீறிவிடுமாம், வண்ணப் பெட்டி தீர்ந்துவிடுமாம். பார்வையிட ஆள் வந்தால் திறக்கிறார்கள், போனதும் பூட்டுகிறார்கள். ஓவிய பீரியடில் பிள்ளைகள் மறுபடி தரையில் கவிழ்ந்து கிடக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். மடக்கிய கால்களோடு ஈசல்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. இறக்கை நட்டில் தூசி. செய்தவன் பெயர் வெளியே இருந்திருந்தால் பூட்டும்போது ஒரு கை கூசியிருக்கும். யாருடையதும் இல்லாத பொருளைப் பூட்டுவது சுலபம்.

ஆகையால் கேட்கிறேன். கல்லில் இடமில்லை என்றால் கல் வேண்டாம். தகரம் போதும். தகரத்தை நானே வெட்டி, முனை தேய்த்து, துளை போட்டுக் கொண்டுவருகிறேன். ஆனால் எழுத்தை நான் எழுத மாட்டேன். என் பெயரை நானே எழுதிக்கொள்வதாக இருந்தால் எப்போதோ வெல்டிங்கில் எழுதியிருப்பேன். பள்ளிக்கூடம் எழுத வேண்டும். அறையைத் திறந்து, அந்த வண்ணப் பெட்டியை உடைத்து, அந்தப் பிள்ளைகள் எழுத வேண்டும். ‘ஈசல்களையும் இந்த அறையையும் செய்தவர்’ என்று போட்டு என் பெயர். ‘வேண்டும் என்று கேட்டவர்’ என்று போட்டு ஆசிரியையின் பெயர்.

இங்கே என் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்தச் சுவர். தலைமை ஆசிரியைக்கு என் பெயர் தெரியும். திரைக்குக் கம்பி கேட்டபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.