அப்பாவின் சராசரி எடை

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறார். பிறகு கண்ணாடியை. பிறகுதான் எடை இயந்திரத்தின் மேல் ஏறுகிறார். ஏறியதும் முள் தெரிவதில்லை. இறங்கிப் போய்க் கண்ணாடியை எடுத்து வருகிறார். தினமும் காலையில் இதே கூத்து.

எடை இயந்திரம் பழுதுபார்ப்பது அப்பாவின் தொழில். நாற்பது வருடம். கடைக்குள் நுழைந்தால் சாமானைப் பார்க்க மாட்டார், முள்ளைப் பார்ப்பார். "இது நூறு கிராம முழுங்குதே தம்பி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: "உங்களோட வந்தா வெறும் பையோடதான் திரும்பணும்."

அம்மா போய் மூன்று மாதம். அப்பா தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வளையமாய் நிற்கிறது. ஓர் ஒப்பந்தம் போட்டேன். தினமும் எடையை எழுத வேண்டும். மாதச் சராசரி ஐம்பத்தெட்டுக்குக் கீழே போனால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும்.

"பூட்டறதா? அவ இருந்த வீட்டையா?" என்றார். அப்புறம் சரி என்றார்.

நேற்று மாதக் கடைசி. நாட்காட்டியில் முப்பது எண்கள். இன்று வந்து கூட்டி வகுத்தேன். அறுபதரை.

"பாத்தியா? உங்கப்பன் கல்லு மாதிரி இருக்கான்."

நான் ஏறிப் பார்த்தேன். அறுபத்தாறு. முந்தாநாள் என் வீட்டில் அறுபது.

"நீயும் கொஞ்சம் பூசினாப்புலதாம்மா இருக்க."

"ரெண்டு நாள்ல ஆறு கிலோவாப்பா?"

ஆள் ஏறாதபோது முள் பூச்சியத்தில்தான் நிற்கிறது. கெட்டிக்காரர். ஐந்து கிலோவைக் கூட்டி வைத்தால் வெறும் இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பத்தைப் பதினொன்றாகக் காட்டும்படி உள்ளே திருகியிருக்கிறார். எல்லா எண்ணும் ஒரே மடங்கு ஏறியிருக்கிறது. சராசரியும் அதே மடங்கு.

"எப்பத் திருகினீங்க?"

"ஒண்ணாந்தேதி." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாப்பது வருஷத்துல மொதத் திருட்டு. வீட்டுலயே பண்ணி வீட்டுலயே மாட்டிக்கிட்டேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நான் கணக்கைச் சொன்னேன்: "ஐம்பத்தஞ்சுப்பா."

"பூட்டு பரண்ல கெடக்கு" என்றார்.

நாட்காட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலை நக்கினார். முப்பதையும் திருத்தப் போகிறார் என்று புரிந்தது.

"சராசரிய மட்டும் மாத்தினாப் போதும்ப்பா. ஒண்ணொண்ணா மாத்தினாலும் அதேதான் வரும்."

"ஒவ்வொரு நாளாத்தானேம்மா கொறஞ்சேன்" என்றார், ஒன்றாம் தேதியின் மேல் கோடு கிழித்தபடி.