தேவதை இருந்த இருநூற்றுப் பதினேழு இடங்கள்

என் சித்தப்பாவைப் பற்றிக் குடும்ப ஏட்டில் "மாயக்கதை நூல் ஒன்றின் ஆசிரியர்" என்று நானே எழுதியிருந்தேன். அந்த வரி தவறு. அதை அடித்துவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

அவர் திருச்சபைப் பதிப்பகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். அங்கே அவருக்கு 'ஒற்றர்' என்று பட்டப்பெயர். உளவு பார்ப்பதால் அன்று, ஒற்றுப்பிழை பார்ப்பதால். சித்தி எழுதும் காய்கறிச் சீட்டிலும் விடுபட்ட 'க்', 'ச்' எல்லாம் சிவப்பு மையில் வந்து ஏறிவிடும்.

ஒன்பது ஆண்டுகள், வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை மேசையில் அமர்ந்து அவர் அந்தக் கதையை எழுதினார். மனிதர் கடவுளையே அறியாத ஒரு நாடு. அங்கே ஆற்றைக் காக்கும் ஒரு தேவதை. மக்கள் அவளுக்குத்தான் விளக்கேற்றுகிறார்கள். ஒருநாள் படைத்தவர் எளிய வழிப்போக்கராக ஆற்றைக் கடக்க வருகிறார். மனிதர் எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள்தான் முதலில் மண்டியிடுகிறாள். "எனக்கு ஏற்றிய விளக்கெல்லாம் உங்களுக்கு வழி காட்டத்தான்" என்கிறாள். சித்தப்பாவின் விசுவாசம் முழுவதும் அந்தக் காட்சியில் இருந்தது.

"ஏன், படைச்சவர் வந்தா பழைய தேவதைங்க எல்லாம் ஓடி ஒளியணுமா?" என்று என்னிடம் கேட்டார். "அவங்களே முதல்ல அடையாளம் கண்டுக்கட்டுமே."

பதிப்பகத்தின் பொறுப்பிலிருந்த போதகர் கைப்பிரதியை மெச்சித்தான் வாங்கிக்கொண்டார். இறுதி மெய்ப்பைச் சித்தப்பாவே பார்த்துக் கையெழுத்திட்டார். அச்சான முதல் பிரதியைச் சித்தியின் கையில் கொடுத்தார். அவள் காணிக்கைப் பக்கத்தைப் புரட்டினாள். 'என் வீட்டுத் தேவதைக்கு' என்று அவர் எழுதிய இடத்தில் 'என் வீட்டுத் பிசாசுக்கு' என்றிருந்தது.

"முப்பது வருஷமா வாயில வராததை அச்சுல போட்டுட்டீங்களே!" என்று சித்தி சிரித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. 'வீட்டுத்' என்பதன் ஒற்றுகூட 'வீட்டுப்' என்று மாறவில்லை, ஆகவே இது மனிதக் கை செய்ததன்று. அவர் கையெழுத்திட்ட பிறகு யாரோ கணினியில் ஒரே கட்டளையில் தேவதையை எல்லாம் பிசாசாக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தார். இருநூற்றுப் பதினேழு இடங்கள்.

மறுநாள் போதகரின் அறைக்கு நானும் உடன் சென்றேன்.

"குழுவோட முடிவுங்க. தேவதைன்னு போட்டா விக்கிரக ஆராதனைன்னு பேசுவாங்க," என்றார் போதகர். "விடுங்க, வெறும் கதைதானே?"

"வெறும் கதைன்னா எதுக்குக் கை வச்சீங்க?"

"கோவப்படாதீங்க. சபை நன்மைக்குத்தான்."

"சரி, நூத்தி எண்பதாம் பக்கம் படிங்க. ஆண்டவர் முன்னாடி பிசாசு மண்டி போடுது. அவர் அதைத் தூக்கி நிறுத்தி ஆசீர்வதிக்கிறார். உங்க திருத்தத்துல பிசாசுக்கே இரட்சிப்பு கெடைச்சிருச்சு, போதகரே! இது எந்த வேதத்துல இருக்கு?"

போதகர் அந்தப் பக்கத்தைப் படித்தார். முகம் கறுத்தது. அவர் நூலை முழுதாகப் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"காணிக்கைப் பக்கத்துல மட்டும் ஒரு சீட்டு ஒட்டிடலாம்," என்றார் கடைசியில்.

"இருநூத்திப் பதினேழு இடத்துலயும் ஒட்டுங்க."

"முந்நூறு பிரதிங்க! அதெல்லாம் ஆகுற காரியமா?"

அன்று மாலை என் தந்தையும் தம்பிக்குப் புத்தி சொன்னார்: "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுடா. பெரிய எடம், அனுசரிச்சுப் போ." தந்தை என்பதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை. குஞ்சு செத்துத்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எங்கள் குடும்பம் கோழிக்குப் பரிந்து பேசியது. நானும் அன்று வாய் திறக்கவில்லை.

சித்தி ஒருத்திதான் கேட்டாள்: "எழுதினது யாருன்னு கேட்டா, நாளைக்கு உங்க பேரைத்தானே சொல்வாங்க?"

சித்தப்பா இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று வேலையை விடுவதாக. மற்றொன்று, நூலை அழியுங்கள், இல்லையேல் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. நூலை அவர்கள் அழிக்கவில்லை. இருநூற்றுப் பதினேழு இடங்களில் ஒட்ட முடியாதவர்கள், முந்நூறு அட்டைகளிலும் அவர் பெயரின்மேல் வெள்ளைச் சீட்டை ஒரே பிற்பகலில் ஒட்டி முடித்தார்கள்.