நாலு மெடலுக்கு நாலு டிச் பட்டன்

நெல்லித்தோப்பில் நான் தையல் கடை வைத்திருந்த காலத்தில், ஜூலை மாதம் பிறந்தாலே வயதான சொல்தாக்கள் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளன்று, மெடல் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுத் தூணுக்குப் போக வேண்டும். போன வருடக் கோட்டில் பட்டன் எட்டாது. ஆனால் தொப்பை போட்டுவிட்டது என்று ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை. "துணி சுருங்கிடுச்சுப்பா" என்பார்கள். நானும் ஆமாம் போட்டுவிட்டு, பக்கத் தையலைப் பிரித்துவிடுவேன்.

முசே லூர்துநாதன் கோட்டை மட்டும் நான் பிரித்ததே இல்லை. ஆள் அப்படி ஒரு ஒல்லி. இஸ்திரிக்கும் பட்டனுக்கும்தான் வருவார். சைகோன், அல்ஜீரியா என்று இரண்டு சண்டை பார்த்தவர், நாலு மெடல் வாங்கியவர். ஆனால் கடையில் உட்கார்ந்தால் அந்தக் கதை வராது. பேத்தியின் பரீட்சை, அவர் மனைவி மதாம் ரோசா வைத்த வஞ்சிரக் குழம்பு, இதுதான் வரும்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு ஜூலையில் கோட்டோடு மெடல்களையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார்.

"ஏழுமலை, ரோசாவுக்கு வலது கையும் காலும் உழுந்துடுச்சுப்பா. ஊக்கு குத்த வரல. நாப்பது வருஷமா அவதான் குத்துவா. இந்த வருஷம் நான் போகல. இதப் பத்திரமா துணியில தச்சுக் குடு, பொட்டியில வச்சுடறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "போகாம எப்படி முசே? இருங்க, ஒத்தக் கையால மாட்டுற மாதிரி நான் செஞ்சு தரேன்" என்றேன்.

நாலு மெடலையும் கெட்டியான கேன்வாஸ் பட்டையில் வரிசையாகத் தைத்தேன். பட்டைக்குப் பின்னால் டிச் பட்டன், கோட்டில் அதன் ஜோடி. ஒரு அழுத்து அழுத்தினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். என் வேலையை நானே மெச்சிக்கொண்டு மூலக்குளத்தில் அவர்கள் வீட்டுக்கு ட்ரையலுக்குப் போனேன்.

நாற்காலியில் இருந்த மதாம் முன்னால் அவர் குனிந்து நின்றார். மதாம் இடது கையால் அழுத்தினார். டக். முகம் வாடிவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முசேதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மெடலுக்கு ஒரு திட்டு உண்டுப்பா. நீ எல்லாத்தையும் ஒண்ணாத் தச்சு அவ வாய அடச்சுட்டியே!"

அங்கேயே உட்கார்ந்து பட்டையை நாலாக வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிச் பட்டன் வைத்தேன். கோட்டுக்கு உள்பக்கம் கேன்வாஸ் வைக்கவா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை. அழுத்துகிற கைக்கு அவர் நெஞ்சே கெட்டியாக இருந்தது.

மதாம் ஆரம்பித்தார். முதல் மெடல். "சைகோன்ல எவளப் பாத்துக்கினு இருந்தீங்களோ!" டக். இரண்டாவது. "மூத்தவன் பொறந்தப்ப அல்ஜீரியாவுல ஒக்காந்துனு இருந்தீங்க." டக். மூன்றாவது நீண்ட சேவைக்கு. "இது முதுகு வலிக்குக் குடுத்தது." டக். நாலாவது, அடிபட்டவனைத் தோளில் சுமந்து வந்ததற்காகக் கிடைத்தது. "எவனையோ ஒரு நாள் தூக்குனதுக்கு மெடல் குடுத்தாங்க. என்னத் தெனம் தூக்கிக்கினு போயி குளிப்பாட்டுறாரு, அதுக்கு ஒரு தகரமாவது குடுத்தாங்களா, கேளு ஏழுமலை!"

முசே விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருடமும் அடுத்த வருடங்களிலும் அவர் நினைவுத் தூணுக்குப் போனார்.

மூன்று நாலு வருடம் கழித்து, தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போனபோது அந்தக் கோட்டைப் போட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த மகன் வெல்வெட் திண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். மெடல்களை அதில் வைத்துப் பெட்டிக்கு முன்னால் எடுத்துப் போவது சொல்தாக்கள் வழக்கம்.

"இங்க குடுடா, அப்புறம் எடுத்துக்கினு போ" என்றார் மதாம்.

நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினோம். சைகோனுக்கு ஒரு திட்டு, அல்ஜீரியாவுக்கு ஒரு திட்டு, முதுகு வலிக்கு ஒரு திட்டு. சுற்றி நின்றவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். நாலாவது மெடலைக் கையில் எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார் மதாம்.

"என்ன இனிமே யாரு தூக்குவா?" என்றார். டக்.

மகன் திண்டைக் கீழே வைத்துவிட்டார். மெடல்களைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. அப்படியே மூடினோம்.

இப்போது கடையை என் மருமகன் பார்க்கிறான். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். போடுகிறவருக்கு அளவு எடுத்தால் போதாது. பட்டன் மாட்டிவிடப் போகிறவர் யார் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் கத்திரியை எடு.